பீரோ கடல் தாண்டிய கதை

அன்புள்ள அப்பா,

பூவிழி நலம். புதுச்சேரியில் வெயில் தணிந்ததா? உங்கள் மூட்டுவலி?

இங்கே லியோனில், ஓர் ஆய்வுக்காக ரப்பர் பட்டையொன்றை ஒரு வாரம் கையில் கட்டியிருந்தேன். சுற்றியுள்ள ரசாயனங்களை அது உறிஞ்சிக்கொள்ளும். சோதித்தால் அதில் முப்பத்தொரு ரசாயனங்கள்! தொட்ட சோப்பு, உட்கார்ந்த நாற்காலி, தோசைக்கல் பூச்சு எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் துளிதான், ஒன்றாகச் சேர்வதுதான் கெடுதலாம். எல்லாவற்றிலும் அதிகம் பாச்சை உருண்டை. "பூச்சி அரிச்சிடும்மா, நாலு சேத்துப் போட்டுட்டேன்" என்று நீங்கள் கொடுத்தனுப்பிய கம்பளிதான் காரணம்! மூலக்குளத்து வீட்டு பீரோவே என் மணிக்கட்டில் இருந்திருக்கிறது.

பயப்படாதீர்கள், துவைத்துவிட்டேன். நீங்களும் உருண்டைகளை எடுத்துவிட்டு, காய்ந்த வேப்பிலை போடுங்கள்.

கம்பளியில் இப்போது எந்த வாசமும் இல்லை. நீங்கள் தோளில் போடும் துண்டு ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

பூவிழி