என்னைப் பிரேக் மிதிக்கச் சொன்ன உன் அப்பா

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம், அப்பாவும் இப்போது நலம். போனில் அவர் "லேசா நெஞ்சைப் பிடிச்சுது" என்று உன்னிடம் அளந்ததை நம்பாதே, நடந்ததை நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை டிரைவிங் ஸ்கூலில் நடத்திக்கொண்டிருந்த வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, இடது கை கனக்கிறது, தாடை வலிக்கிறது என்றார். கேட்டால் வாயுவாம், சோடா வேண்டுமாம். வெளுத்த முகத்தைப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன். மனிதர் குதித்தார். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் படுத்துக்கொண்டு போவதா, நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சாவியை எடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? அந்தப் பயிற்சி வண்டியில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறதே, "நீ அங்க உட்காரு, நான் சாய்ஞ்சா மிதிச்சுடு" என்றார். எனக்குக் கற்றுக்கொடுக்க வந்து முதல் நாளே கும்பிடு போட்டு ஓடிய மனிதர்! சிரிப்பதா அழுவதா தெரியாமல் சாவியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, அவசர எண்ணை அழுத்தினேன். பேசிய பெண் அவரை நடக்கவிடாமல் உட்கார வைக்கச் சொன்னாள், கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள், ஆள் வரும்வரை லைனிலேயே இருந்தாள். "சும்மாதான் கூப்பிட்டோம்னு சொல்லிடு" என்று இவர் பின்னாலிருந்து முனகல்.

வந்த ஆம்புலன்ஸை ஓட்டியவள் இவரிடமே பயின்றவள். படுத்த வாக்கிலேயே இவர் கண்ணாடியைப் பார், கியரை மாற்று என்று ஆரம்பிக்க, "சார், இன்னைக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்று ஒரே அதட்டு. என் பேச்சுக்கு அடங்காதவர் அதற்கு அடங்கினார். ஆனால் பாதி வழியில் மூச்சும் அடங்கிவிட்டது. ஆம்புலன்ஸில் கூட வந்த மருத்துவ உதவியாளர் நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் உன் அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்த நேரத்தில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் என்று நினைத்துப் பார். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது சக்கர நாற்காலி தள்ளுகிறவருக்கு வளைவில் எப்படித் திருப்புவது என்று பாடம் நடக்கிறது.

இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். நீயும் அவர் பிள்ளைதானே, மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, வேலை அலுப்பு என்று போன மாதம் சொன்னாய். நாளைக்கே டாக்டரிடம் காட்டு. மறுபடி அப்படி வந்தால் எனக்குப் போன் செய்யாதே. இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் அழ மட்டும்தான் முடியும். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அம்மா காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா