நீ போகாத கோயில்கள்

உன்னுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என் மேசையில் கிடக்கிறது. அச்சு மையின் நெடி இன்னும் போகவில்லை. காற்றாடியைப் போட்டால் அறையெல்லாம் பரவுகிறது, நிறுத்தினால் புழுங்குகிறது. எடுத்து அலுமாரிக்குள் வைக்கலாம் என்று பார்த்தால், அட்டையில் உன் முகம். உடனே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, வைக்க மறந்து திரும்பவும் மேசையில் போட்டுவிடுகிறேன்.

அட்டையில் நீ அரக்குப் பட்டுச் சேலையோடு நிற்கிறாய். பின்னால் ஒரு கோபுரம். அது எந்த ஊர்க் கோபுரம் என்று உன் அண்ணருக்கும் தெரியாது, படத்தைச் செய்துகொடுத்த ஸ்ரூடியோக்காரருக்கும் தெரியாது. ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும். அது நான் எடுத்த படம். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் போகிற பாதைத் தெப்பத்தில், அதன் பலகைத் தட்டில் நம் ஸ்கூட்டியும் யாரோ ஒருவரின் பசளை மூட்டைகளும் ஒரு ஆடும் ஏறியிருக்க, எஞ்சின் இரைந்துகொண்டு வாவியைக் கடக்கும்போது என் கைப்பேசியில் எடுத்தது. அன்றைக்கு நீ பச்சைச் சுடிதார் போட்டிருந்தாய். சால்வையைக் காற்று கொண்டுபோகாமல் இடுப்பைச் சுற்றி முடிந்திருந்தாய். தலைமுடி முகமெல்லாம் கிடந்தது. வாய் நிறைய இறால் வடை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். முடியைப் படிய வாரிவிட்டார்கள். உன்னைச் சேலைக்குள் செருகினார்கள். ஆடு போனது, வாவி போனது. வடை இருந்த கன்னத்தைக்கூட வற்ற வைத்து, வாயை மூடிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது உன் வாயை மூட இந்த ஊரில் ஒருவராலும் முடிந்ததில்லை.

உள்ளே முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறது: ‘வீடும் கோயிலுமே உலகமென வாழ்ந்த உத்தமி.’

உலகமாம்! உன் உலகம் எவ்வளவு தூரம் என்று எனக்கல்லவா தெரியும். உன் கணவர் போய்ச் சேர்ந்து, மகள் ரியூசன் போகிற வயதுக்கு வந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் நம்முடையவை ஆயின. மகளை வகுப்பில் இறக்கிவிட்டு என் வீட்டு வாசல் படலையடியில் வந்து ஹோர்ன் அடிப்பாய். நான் பரீட்சைத் தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன்.

“எங்க போவம் மனே?” என்பாய்.

“நீ சொல்லு.”

“ஓடிப் பாப்பம். இடம் வரும்.”

அப்படி ஓடிப் பார்த்துத்தான் நாம் பிறந்து வளர்ந்த இடத்தையே நாம் கண்டுகொண்டோம். அதுவரைக்கும் நமக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடம், சந்தை, ஆசுபத்திரி, கலியாண வீடு, செத்த வீடு. மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனால் வயல் வட்டைகள் கண்ணுக்கு எட்டும் மட்டும் பச்சையாகக் கிடக்கும் என்று அந்தப் பக்கத்தில் கலியாணம் கட்டிப் போனவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தோம். போய்ப் பார்த்த அன்று நீ வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, “இவ்வளவு கிட்டவா இரிந்தது!” என்று கோபப்பட்டாய். யாரோ உன்னிடமிருந்து ஒளித்து வைத்ததுபோலக் கோபப்பட்டாய். நியாயமான கோபம்தான். ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள்.

உன்னிச்சைக் குளக்கட்டில் ஒரு பெரியவர் நம்மைப் பார்த்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தது நினைவிருக்கிறதா? “ஆம்பிளை ஆக்கள் வரல்லையா புள்ள?” என்று கேட்டார். நீ முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “அவங்க வீட்ட சமைக்கிறாங்க ஐயா” என்றாய். அந்த மனிதர் பரிதாபத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு போனார். சமைக்கிற ஆண்களுக்காகவா, அப்படிப்பட்ட பெண்களுக்காகவா என்று வீடு வரும் வரைக்கும் விவாதித்தோம்.

கல்லடிப் பழைய பாலத்தில் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நிற்போம். வெளியூரிலிருந்து வந்தவர்கள், இங்கேதானா மீன் பாடுவது என்று நம்மிடம் கேட்பார்கள். “எங்களுக்குப் பொரிச்சாத்தான் சத்தம் கேக்கும்” என்று சொல்லி அனுப்புவாய். காத்தான்குடியில் அந்தச் சர்பத் கடைக்கார நானா நம்மைக் கண்டதும் ஐஸை உடைக்கத் தொடங்கிவிடுவார். “என்ன தங்கச்சி, இண்டைக்கு என்ன கோயில்?” என்று கேட்பார். அவருக்கும் தெரிந்திருந்தது.

கோயில்தான் நம் கடவுச்சீட்டு. உன் வளவுக்குள்ளேயே அண்ணர் குடும்பமும் இருந்ததால், ஸ்கூட்டி படலையைத் தாண்டும்போதெல்லாம் “எங்க?” என்று ஒரு குரல் வரும். மாமாங்கம் என்பாய். மறு ஞாயிறு மண்டூர் என்பாய். அடுத்தது கொக்கட்டிச்சோலை. பிள்ளையாரும் முருகனும் சிவனும் நமக்காக முறை வைத்து வேலை செய்தார்கள். திரும்பி வரும்போது சந்திப் பிள்ளையாரடியில் ஸ்கூட்டியை நிறுத்தி, திருநீற்றை நெற்றியில் அகலமாகப் பூசிக்கொள்வாய். எனக்கும் பூசிவிடுவாய். மண்டூரில் போய் இறங்கிய நாளில்கூட நாம் கோயிலுக்குள் போகவில்லை. இறால் வடை தின்ற வாயோடு முருகனிடம் போகக் கூடாது என்றாய். பக்தியில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

ஆகவே அண்ணர் எழுதியது அவருக்குத் தெரிந்த உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நெஞ்சாரப் பொய் எழுதியிருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு, அவர் என்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். உன் மகள் பக்கத்தில் இலைகளை மடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஸ்கூட்டிய வித்துப்போடுவம் எண்டு பாக்கன் ரீச்சர்.”

“ஏன்? மகள் கம்பசுக்கு ஓடுவாள்தானே. லைசனும் எடுத்திட்டாள்.”

“பொம்பிளப் புள்ள, தாயும் இல்ல. நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க. பஸ்ஸில போகட்டும். இவள்ட அம்மா அந்த ஸ்கூட்டிய வெச்சிருந்தும் ஒரு நாள் ஊர் சுத்தினவளா? வேலை, வீடு, கோயில். நீங்களும் கூடத்தானே போன நீங்க, சொல்லுங்க பாப்பம்.”

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.  முப்பத்தோராம் நாள் வீட்டில், உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, உன்னைப் பொய்க்காரி என்று எப்படிச் சொல்வேன்? கை கழுவப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் குமைந்தேன். நீ இருந்தபோது உன்னை அடைத்து வைக்க இவர்களால் முடியவில்லை. இப்போது உன்னையே படலையாகச் செய்து உன் மகளுக்கு முன்னால் போட்டு மூடுகிறார்கள். இனி அவள் நண்பிகளோடு பாசிக்குடாவுக்குப் போக ஆசைப்பட்டால், உங்கம்மா போனவளா என்பார்கள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னால், உங்கம்மா சொன்னவளா என்பார்கள். அட்டைப் படத்தில் வாயை மூடியது இதற்குத்தான் வசதி. அவளுக்கு உண்மையைச் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். வாவிக்கரையெல்லாம் உன் செருப்புத் தேய்ந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, உன் அம்மா இங்கேதான் வாழ்ந்தாள் என்று சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வளவுக்குப் போனேன். மகளைக் கூட்டிக்கொண்டு மண்டூர்க் கோயிலுக்குப் போய் வருகிறோம் என்றேன்.

“கோயிலுக்கெண்டா நல்லம்தானே ரீச்சர்” என்றார் அண்ணர். “ஸ்கூட்டியிலயே போங்க.”

நீ இல்லாமல் போயும் அந்தச் சொல்லின் மதிப்புக் குறையவில்லை.

மகள்தான் ஓட்டினாள். உன்னைப்போல இல்லை, நிதானமாக ஓட்டுகிறாள். குழி கண்டால் வேகத்தைக் குறைக்கிறாள், நீ குழி கண்டால் காலைத் தூக்கச் சொல்வாய். களுவாஞ்சிகுடி தாண்டி, குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்து ஏறினோம். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அவளுடைய முடியையும் விடவில்லை. கரை விலகியதும் சொல்லத் தொடங்கலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன்.

அவள் முந்திக்கொண்டாள். “அன்ரி, இந்த இடம் எனக்குத் தெரியும்.”

“எப்பிடி மகள்? வந்திருக்கியா?”

“இல்ல. அம்மா சொல்லியிரிக்கா. அம்மாவும் அப்பாவும் நான் பிறக்க முதல் இஞ்ச வாறவங்களாம்.”

எனக்கு விளங்கவில்லை. உன் கணவரா? அந்த நல்ல மனிதர், பாவம், வெயிலில் நாலு எட்டு நடந்தால் தலையிடி என்று படுப்பவர். குடும்பத்தோடு ஊர் சுற்றப் போவதென்றால் காய்ச்சல் வரும். தண்ணீர் என்றால் கிணற்றடியில்கூட எட்டி நின்றுதான் குளிப்பார். அவர் எங்கே பாதையில் ஏறினார்?

அவள் சொல்லிக்கொண்டே போனாள். “ஒரு நாள் நடு ஆத்துக்குள்ள இஞ்சின் நிண்டு போச்சாம். காத்து வேற. பாதை அப்பிடியே சுத்திச்சாம். அப்பா பயத்தில அம்மாட கையப் பிடிச்சவர், கரைக்கு வந்தும் விடல்லையாம். அம்மா அத ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பா.”

அது என் கை.

நான்தான் பிடித்தேன். நான்தான் விடவில்லை. உன் விரலில் என் நகம் பதிந்து சிவந்திருந்ததை மண்டூர்ச் சந்தியில் எல்லோருக்கும் காட்டிக் கேலி செய்தாய். என் கையை எடுத்து அந்த மனிதருக்கு ஒட்ட வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? உன் அண்ணர் காசு கொடுத்து ஒரு ஸ்ரூடியோவில் செய்வித்ததை, நீ அடுப்படியில் இருந்துகொண்டே செய்து முடித்திருக்கிறாயே! அவர் ஆட்டையும் வாவியையும்தான் அழித்தார். நீ என்னையே அழித்திருக்கிறாய். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! வரம்பு, குளக்கட்டு, பாலம், சர்பத் கடை எல்லாவற்றையும் அள்ளி அவருக்குக் கொடுத்திருக்கிறாய். அவள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். அங்கேயே, அந்தப் பலகையில் நின்றுகொண்டே, எல்லாம் பொய் என்று கத்தியிருப்பேன். வாயும் திறந்துவிட்டேன்.

“எனக்கு அப்பாட முகம் ஞாபகமே இல்ல அன்ரி” என்றாள் உன் மகள். “இந்தக் கதைக்குள்ள மட்டும்தான் அவர் இரிக்கார்.”

திறந்த வாயை என்ன செய்வது? 

“ஓம் மகள்” என்றேன். “அவருக்குத் தண்ணியெண்டா சரியான பயம்.”

அவள் சிரித்தாள். உன் சிரிப்பு அல்ல, அவருடைய சிரிப்பு. அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அவளே அண்ணரிடம் சொல்லியிருக்கிறாள், அம்மாவும் அப்பாவும் இந்த ஸ்கூட்டி வாங்க முதலே இவ்வளவு இடங்களுக்குத் திரிந்தவர்கள், நான் கம்பசுக்கு ஓடினால் என்ன என்று.  அண்ணர், “மச்சான் கூட்டிட்டுப் போனவரா?” என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தாராம். ஸ்கூட்டியை விற்கிற பேச்சு அதோடு நின்றுவிட்டது. இப்போது அவள் காலையில் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறாள். நாம் இரண்டு பெண்களாகத் திரிந்தோம் என்று நான் சொல்லியிருந்தால், அந்த ஸ்கூட்டி இந்நேரம் எவனுடைய வளவிலோ நின்றிருக்கும். புருசனோடு திரிந்தாய் என்றதும் அது புண்ணியமாகிவிட்டது. இந்த ஊரை நீ என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தாய், அதற்காகவும் எனக்கு உன்மேல் கோபம்.

இனி நான் ஒருவரிடமும் சொல்ல முடியாது. யாராவது உன்னிச்சை பற்றிப் பேசினால், நான் போனதில்லை என்று சொல்ல வேண்டும். குளக்கட்டுப் பெரியவர் கதையைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆள் இல்லை. சண்டை பிடிப்பதென்றாலும் உன்னோடுதான் பிடிக்க வேண்டும். ஆகவேதான் இதை உனக்கே எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை நீ மகளுக்குச் சொல்லவில்லை. நான் அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவளுக்குத் தெரியாது. எஞ்சின் நின்று, பாதை சுழன்று, நான் கண்ணை மூடிக்கொண்டு உன் கையை நெரித்தபோது, நீ என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாய்: “பயப்பிடாத மனே, நான் இரிக்கன்.”

அண்ணருக்குச் சொன்ன பொய்யை அண்ணர் வைத்துக்கொள்ளட்டும். மகளுக்குச் சொன்னது மகளோடு இருக்கட்டும். இது நீ எனக்குச் சொன்ன பொய். இதை நான் எவருக்கும் கொடுக்கமாட்டேன்.