தலைமை டெக்னீஷியன் எடுத்த படம்

பீளமேடு,
15.9.1996

அன்புள்ள சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பா சுகம், அவருடைய முழங்கால் சுமார். நீயும் மாப்பிள்ளையும் குட்டி அக்ஷயாவும் மஸ்கட் வெயிலுக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஒரு முக்கியமான முடிவைத் தெரிவிக்க வேண்டும். இரண்டு வாரம் யோசித்து, உன் அப்பாவிடமும் கலந்து பேசி, இனி ஆஸ்பத்திரியில் பதினொரு மணி டீ குடிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். இருபத்து மூன்று வருடமாக எக்ஸ்ரே பிரிவில் ஆயா மாசாணியம்மாள் முதல் டம்ளரை என் மேசையில்தான் வைப்பாள். ஜூலையிலிருந்து அது ரம்லாவின் மேசைக்குப் போகிறது. கேட்டால், "தலைமைக்குத்தானுங்க மொதல்ல வெக்கோணும், நீங்கதான அப்பிடிச் சொல்லிக் குடுத்தீங்க" என்கிறாள். சொல்லிக் கொடுத்தது உண்மைதான்.

ரம்லாவை உனக்கு நினைவிருக்கும். கோட்டைமேட்டு அத்தர் கடைக்காரர் மகள், உன் கல்யாணத்துக்கு ஊதாப் பட்டில் வந்தவள், அன்று உன்னைவிட அவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்று அப்போதே சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன் இருட்டறையில் ஃபிலிம் கழுவ அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான். மார்பகத்தைப் படம் எடுக்கும் புது மெஷின் வந்தபோது, சென்னையில் பத்து நாள் பயிற்சிக்குப் போகிறீர்களா என்று டாக்டர் வெங்கடபதி என்னைத்தான் முதலில் கேட்டார். வீட்டில் யாருங்க சமைப்பது, எனக்கெதற்குங்க இதெல்லாம் என்றேன். நம் பக்கத்தில் சாப்பிட உட்காரவே மூன்று தடவை கூப்பிட வேண்டும், அவர் ஒரு தடவைதான் கேட்டார். பக்கத்தில் நின்ற ரம்லா "நான் போறேனுங்க சார்" என்றுவிட்டாள். திரும்பி வந்ததும் எங்கள் பிரிவுக்கே அவளைத் தலைமை டெக்னீஷியன் ஆக்கிவிட்டார்கள். அங்கே உன்னிடம் யாராவது எதையாவது கேட்டால் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடு கண்ணு.

மூன்று மாதம் தற்காலிகம், அதன்பிறகு நிரந்தரமாக்கலாமா என்று மூத்தவள் என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டும், வேண்டாம் என்று எழுதினால் அந்த நாற்காலி எனக்கு. அதனால் நடுநிலையோடு அவளைக் கவனித்து வந்தேன். படம் எடுக்கத் தாலியைக் கழற்றச் சொன்னால் நம் பெண்கள் கழற்ற மாட்டார்கள், வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் அநேகம். ரம்லா, "கழட்ட வேண்டாமுங்க, முதுகுப் பக்கம் போட்டு பிளாஸ்திரி ஒட்டிக்கலாமுங்க" என்கிறாள். இருபத்து மூன்று வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. கிணத்துக்கடவிலிருந்து வந்த வள்ளியாத்தாள் என்பவர் மெஷினின் இரண்டு தட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, இதென்னுங்க செக்கா, எண்ணெய் எடுத்துப்போட்டுத்தான் உடுவீங்களா" என்று கேட்டார். "புண்ணாக்கு உங்களுக்குத்தானுங்க" என்றாள் ரம்லா. நோயாளியிடம் இப்படிப் பேசலாமா என்று குறித்து வைத்தேன். அந்த அம்மாள் மறு வாரம் பத்துத் தேங்காய் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். நான் எத்தனை ஆயிரம் எலும்பைப் படம் எடுத்திருப்பேன், ஒரு தேங்காய் வந்ததில்லை.

வெளியே இருந்து குறை சொல்வது முறையல்ல என்று, போன மாதக் கடைசியில் நானே நோயாளியாகப் போய் நின்றேன். எனக்கு ஐம்பது ஆகிவிட்டது, இந்தப் படம் எடுத்துப் பார்க்கிற வயதுதான், காரணம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வலிக்கும்படி அழுத்தினால் ஒரு குறை, படம் மங்கினால் ஒரு குறை என்று மனதில் பட்டியல் வைத்திருந்தேன். முதல் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. எனக்கு நிம்மதியாக இருந்தது. ரம்லா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, மெதுவாக, "அக்கா, பவுடர் போட்டுருக்கீங்களாக்கா" என்றாள். பவுடர் படத்தில் புள்ளியாக விழும், பூசி வராதீர்கள் என்ற அறிவிப்பு அந்த அறைக் கதவிலேயே இருக்கிறது, கையெழுத்து அழகாக இருக்கிறதென்று அதை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். அவள் சிரித்திருந்தால் எழுத எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும், ஈரத் துணிதான் கொடுத்தாள்.

இரண்டாவது படத்தில் புள்ளிகள் போய்விட்டன. குறை தேடி நான்கு முறை பார்த்தேன், விளிம்பு சரி, வெளிச்சம் சரி, அசைவு இல்லை. நான்காவது முறைதான், இடது பக்கம் ஓரத்தில் சிந்திய ரவைபோல் கொஞ்சம் மட்டும் போகாமல் இருப்பதைக் கண்டேன். பார்த்தால் படத்தின் விளிம்பில் அதற்கு நேராக அவள் ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அதிலும் அவள்தான் முதல். ஊசி வைத்துச் சோதித்ததில் புற்றுநோயின் ஆரம்பம் என்று வந்தது, கைக்குத் தட்டுப்படும் அளவுகூட இல்லையாம். டாக்டர் கேட்ட அபிப்பிராயத்தை நேற்று எழுதிக் கொடுத்தேன். "படங்களில் குறை இல்லை." அதற்கு மூன்று தாள் வீணானது.

அக்ஷயாவை ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க மாசாணியம்மன் துணையிருப்பாள். வியாழக்கிழமை வழக்கம்போல் வீட்டுக்குப் போன் போடாதே, எடுக்க ஆள் இருக்காது. ரம்லாவுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்து நிரந்தர உத்தரவு. எனக்கு அந்த வியாழன், 26ஆம் தேதி காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. தெய்வாத்தாள்