ஆரணி நண்டு பிடித்த கோடை

என் ஆசை அக்காவுக்கு,

நீ இல்லாத முதல் கோடை விடுமுறைக்குப் போய் வந்துவிட்டோம். நானும் இவரும் அத்தானும் உன் மகள் ஆரணியும். ஜெர்மனியின் வடக்கு முனையில் ஒரு சின்னக் கிராமம். கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து, ஆறா கடலா என்று தெரியாமல் படுத்துக் கிடக்கிற இடம். நோர்வேக்காரர் ஃபியோர்ட் என்பதை இங்கே ஃபோர்டே என்கிறார்கள். அக்கரையில் தெரிகிற சிவப்பு ஓட்டு வீடுகள் டென்மார்க்.

அங்கே ஒரு அதிசயம் அக்கா. தண்ணீர் வயல்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கோதுமைக் கதிர்களுக்கு மேலே வெள்ளைப் பாய்கள் மட்டும் மெல்ல நகர்ந்து போகும். கதிருக்குள்தான் தோணி விடுகிறார்களோ என்று தோன்றும். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளிச்சம் போக மனமில்லாமல் நிற்கும். எங்கள் ஊர் வுப்பர்டாலில் மழையும் வேலையுமாகக் கிடந்த எனக்கு, நான் விழித்துத்தான் இருக்கிறேனா என்று சந்தேகம். நீ இருக்கிற இடத்திலும் இப்படித்தான் வெளிச்சமா?

படகு வலித்தோம். ராஸ்பெரித் தோட்டத்தில் கூடையில் போட்டதைவிட வாயில் போட்டதுதான் கூட. ஒரு மாலை தடியில் மாவைச் சுற்றித் தணலில் வாட்டினோம். இவர் தன்னுடையதைக் கரியாக்கிவிட்டு, "நல்ல முறுகல்" என்று சாதித்தார். தண்ணீருக்கு மேலே முழுநிலா எழும்பி நின்றது.

ஆரணி எல்லாவற்றுக்கும் வந்தாள். ஆனால் நீ போனதிலிருந்து அவள் வாயில் 'அம்மா' என்ற சொல் வந்ததே இல்லை. உன் பேச்சை எடுத்தால் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அத்தானும் பயந்துபோய் உன் படத்தைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டார். எட்டு வயதுப் பிள்ளை அக்கா. பேசாமல் பேசாமலே உன்னை மறந்துவிடுவாளோ என்று எனக்கு ஒரே கவலை. மறந்துவிட்டால் நான் யாரிடம் போய் முறையிட?

நிலவு பார்த்த மறுநாள் படகுத்துறையில் பிள்ளைகள் நண்டு பிடித்தார்கள். உடுப்புக் கிளிப்பில் மட்டிச் சதையைக் கவ்வவைத்து நூலில் இறக்கினால் நண்டு தானாக வந்து தொங்கும். ஆரணியும் சேர்ந்துகொண்டாள். மத்தியானத்துக்குள் வாளி நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த அத்தானுக்குக் கை சும்மா இருக்குமா? வாடகை வீட்டுக்கு ஓடிப்போய், மஞ்சளும் உப்பும் போட்ட பெரிய சட்டியோடு வந்து நின்றார்.

"பிள்ளை, வாளியை இஞ்சாலை தாங்கோ. குழம்பு வைப்பம்."

அவர் வாளியைத் தொட்டதும் ஒரு ஜெர்மன் சிறுமி வீரிட்டு அழத் தொடங்கினாள். அந்த நண்டுகள் ஓட்டப் பந்தயத்துக்கு. பலகையில் வரிசையாக வைத்து, கடலுக்குள் எது முதலில் ஓடுகிறது என்று பார்ப்பார்களாம். ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்தாயிற்று.

"ஐயோ, நண்டுக்கோ பந்தயம்?" என்று அத்தான் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி முழித்தார். கடற்கரையில் நண்டைக் கண்டதும் மஞ்சள் தூளைத் தேடி ஓட நம்மை விட்டால் ஆர் இருக்கிறார்கள்?

அப்போது ஆரணி வாளிக்குள் கைவிட்டு ஒரு நண்டை எடுத்தாள். கவிழ்த்து, வயிற்றைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். தமிழ்க் கடையில் நீ சுளிக்கிற அதே முகம்.

"அப்பா, அம்மா எண்டால் உதைத் தொட்டும் பாக்கமாட்டா. இப்பப் பறுவம். பறுவத்து நண்டிலை சதை இராது, வெறும் கோதுதான்."

உறைந்த நண்டு வாங்கவும் நாள்காட்டியில் நிலவு பார்த்தவள் அல்லவா நீ! அது எந்தக் கடலில் எந்த மாதம் பிடிபட்டதோ, உனக்கென்ன கவலை? பௌர்ணமி என்றால் பௌர்ணமிதான். எத்தனை தரம் உன்னைக் கேலி பண்ணியிருப்பேன்.

அவள் அதோடு விடவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி ஜெர்மனில் அளக்கத் தொடங்கினாள். தன் அம்மா நண்டுக் காலைக் கதவிடுக்கில் வைத்து உடைப்பாளாம். கீழ்வீட்டு மனுசன் சத்தம் தாங்காமல் மேலே வந்து கத்துவானாம். அம்மா ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து அனுப்புவாளாம். அடுத்த நாள் அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு கிண்ணம் கேட்பானாம். அழுத சிறுமியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் சட்டியோடு நின்று அழுதார். நான் மட்டும் அழாமல் இருந்தேனா?

நண்டுகள் பக்கவாட்டில் ஓடிக் கடலுக்குள் போயின. ஆர் வென்றது என்று நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் பின்னாலிருந்து கேட்டாள்.

"சின்னம்மா, அம்மா உங்களுக்கு அடிக்கிறவவோ?"

"ஓம், நல்லாய். ஒருக்காக் கடிச்சும் போட்டா."

"ஏன்?"

"அவவின்ரை புதுச்சட்டையைக் கேக்காமல் போட்டிட்டன்."

"பிறகு?"

அந்தப் 'பிறகு' வுப்பர்டால் வந்து சேரும்வரை ஓயவில்லை. வந்ததும் அத்தான் உன் படத்தைப் பழைய இடத்தில் மாட்டினார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிஞ்சு கிடக்கு" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். போனவர்களுக்கு மாலை போட்டு நல்லவர்களாக்கிவிடுவது எங்கள் வழக்கம். உன்னை அப்படி ஆக்கமாட்டேன். உன் கோபம், உன் வீம்பு, நீ சொன்ன பொய்கள், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லுவேன். கோபிக்காதே. சாமியாகிப்போன தாயைக் கும்பிட மட்டும்தான் முடியும். அவளுக்குச் சண்டை பிடிக்கவும் ஒரு தாய் வேண்டும் அக்கா.

உன் வாய்க்காரத் தங்கச்சி