சாவியைக் காட்டிய ஒரு வரி

அன்புள்ள சாமியாருக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஓர் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் கழிவறையில், மூடிய கோப்பையின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குக் கீழே செருப்பு தெரிந்துவிடக் கூடாதே! இந்தத் தொப்பையோடு அப்படி உட்காருவது யோகாசனத்தில் சேர்த்தி. மேலாளர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றிக் கேட்பதற்காக.

உன் தங்கச்சி எப்படி இருக்கிறாள்? ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறாளா? அந்த ஊர் டாக்டர் அவளுக்குப் பிடித்திருக்கிறாரா, அல்லது அவரையும் வேலை கற்றுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாளா? எங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியம்.

இதைக் கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். மின்னஞ்சலில் எழுதினால் எங்கேயாவது பதிவாகிவிடும் என்று பயம். பன்னிரண்டு வருடமாக ரகசியத்தைப் பூட்டிவைக்கும் வேலை பார்க்கிறவனுக்கு ஆபீஸ் வைத்த பெயர் ஓட்டைவாய். உனக்கு மட்டும் சாமியார் என்று கௌரவமாக வைத்தார்கள். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நேர்முகத்துக்குப் போய்வந்த கம்பெனியிலிருந்து மேலாளருக்குக் கடிதம் வந்திருக்கிறது. உன்னை அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று மட்டும் தெரிய வேண்டுமாம். மேலாளருக்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் பொய் எழுத மாட்டேன் என்கிறார். எழுதி வைத்திருப்பதை என்னிடம் காட்டினார். ‘ரகசியச் சாவியை லாகில் அச்சிட்ட வரியைச் சேர்த்தவர்.’ இது போய்ச் சேர்ந்தால் அந்த வேலை அவ்வளவுதான். நம் தொழிலில் அதற்கப்புறம் உன்னை யாரும் வாசற்படி ஏறவிட மாட்டார்கள். கூட வேலை பார்த்தவன் என்ற முறையில் நானும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை இரண்டும் சேர்ந்து போகும்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டே, அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். ஆஸ்பத்திரிகளுக்கு நாம் செய்து கொடுத்த பெட்டியில் நோயாளிகளின் விவரமெல்லாம் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டின் சாவி ஒரு சிப்புக்குள் இருக்கும். பெட்டி முழுவதையும் ஆளுகிற கெர்னலே கெஞ்சிக் கேட்டாலும் சிப் சாவியைக் காட்டாது. திறந்து மட்டும் கொடுக்கும். ஆனால் சாவி உருவாகிச் சிப்புக்குள் போவதற்கு முன்னால், கண்மூடித் திறக்கும் நேரம், அது கெர்னலின் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அதை அப்படியே லாகில், அதாவது யாரும் திறந்து படிக்கக்கூடிய குறிப்பேட்டில், எழுதிவைக்கும் ஒரு வரியை, சரி பார்ப்பதற்காக யாரோ புரோகிராமில் போட்டிருக்கிறார்கள். எடுக்க மறந்துவிட்டார்கள். அது நானூறு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது.

நகையைத் தெருவில் நின்று எல்லாருக்கும் காட்டிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்றாள். நான் பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பிறகு, சாமியார் அண்ணன் ஒரு வரியை ஒன்பது தடவை படிக்கிற ஆளாயிற்றே, அவரா செய்தார் என்று கேட்டாள். எந்த வரியை யார் சேர்த்தார் என்ற பதிவேட்டில் அவன் பெயர்தான் இருக்கிறது என்றேன். அவள் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

தணிக்கைக்கு வந்த அந்த அம்மாள் உனக்கு நினைவிருக்கும். நாம் கொடுத்த காப்பியைக் குடித்தால் லஞ்சமாகிவிடும் என்று பிளாஸ்க் கொண்டுவந்தவர். அவர் அந்த வரியைக் கண்டுபிடித்த மறுநாள், மேலாளர் அறையில் நாம் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தோம். யார் என்று மேலாளர் கேட்டபோது நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. “பேரு என்னுதா இருந்தா நானாத்தான் சார் இருக்கும். தங்கச்சிக்கு ஆபரேஷன் நடந்த அந்த மாசம் என் தலை எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல.”

உனக்காக வாதாடினேன் என்று அன்று சாயங்காலம் சொன்னேன் அல்லவா? இரண்டு தடவை இருமினேன். அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நிஜச் சிப் உள்ள போர்டு உன் மேசையில் மட்டும்தான் இருந்தது; எங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்த போலி. எதைச் சோதிக்க வேண்டுமென்றாலும் உன் நாற்காலிக்குத்தான் ஓடிவருவோம். கம்ப்யூட்டர் உன் பெயரில் திறந்தே கிடக்கும். வெளியேறி நம் பெயரில் நுழைய யாருக்குப் பொறுமை? யார் வேலையைச் சேமித்தாலும் உன் பெயரில் விழும். என் பேரில் பாதி ஆபீஸ் வேலை செய்கிறது என்று நீயே சிரிப்பாய். மேல்மாடியில் இருக்கிற மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. சொன்னால், அப்படியானால் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. அதனால் அன்று ஆறு பேரும் அவரவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் பங்குக்கு எழுத வேண்டிய பக்கத்தை நான்கு தடவை எழுதினேன். நல்ல குணம், நேரம் தவறாதவர், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. படித்துப் பார்த்தால் மணமகள் தேவை விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கடிதம் கிடைத்த அன்றே மேலாளருக்கு எழுதி, அந்த வரி பதிவான தேதியையும் நேரத்தையும் கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு. நான் கேட்டால் நன்றாக இருக்காது. அவர் பதில் சொல்லத் தாமதித்தால், இந்தக் கடிதத்தையே அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவிடு. கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. தங்கச்சி நூறு வயது இருக்கட்டும். அவளிடம் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லாதே.

உன் நட்புக்கு லாயக்கில்லாத,
ஓட்டைவாய்

பி.கு.: பதிவேட்டில் பெயரைப் பார்த்த யாரும் நேரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். புதன்கிழமை காலை பதினொன்று நாற்பது. தங்கச்சியை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நீ எனக்குப் போன் செய்தாயே, அப்போது. அந்தப் போனை நான் உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுத்தேன்.