கழற்றாத ஆயில் சட்டி

20 ஆகஸ்டு 1957, செவ்வாய்
காலையிலேயே மழை. சைக்கிள் செயின் இரண்டு முறை கழன்றது. நான் வேலை செய்யும் பஸ் பட்டறைக்குப் புது மாதிரி ஆயில் வந்திருக்கிறது. இஞ்சின் உள்ளே இருக்கும் அழுக்கைக் கழுவும் மருந்து கலந்ததாம். டவுனில் கடையிலும் கிடைக்கிறது. அத்தானிடம் சொல்ல வேண்டும். அவர் டாக்சி ஜப்பான் சண்டைக்கு முந்தியது, இஞ்சின் வயிறு நிறையக் கசடு. அக்காளையும் பிள்ளைகளையும் அதில்தான் கோலாலம்பூர் கூட்டிப் போகிறார், 31ஆம் தேதி மெர்டேக்கா, சுதந்திர விழா பார்க்க.
வாங்க: சோப்பு, பிளேடு, தலைவலித் தைலம்.

22, வியாழன்
நல்ல வெயில். அக்காள் வீட்டு வாசலில் வைத்து ஆயில் மாற்றியாயிற்று. பழைய வண்டி என்றால் இஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சட்டியைக் கழற்றி, கசடை வழித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று பட்டறை போர்மேன் சொல்லியிருந்தார். அரை நாள் வேலை. அத்தானுக்குப் பத்து பெரெண்டாம் ஊருக்கு ஒரு சவாரி. எனக்கும் பசி. கழற்றாமல் அப்படியே ஊற்றிவிட்டேன். அத்தான் ஓட்டிப் பார்த்தார்.
"சத்தமே இல்ல மச்சான்! என்னமா ஓடுது!"
பெருமை தாங்கவில்லை. அக்காள் கையால் மீன் குழம்பு, இரண்டாம் முறையும் சோறு.

24, சனி
புழுக்கம். அத்தான் இஞ்சினிலிருந்து ஆயில் அளவுக் குச்சியை உருவிக் காட்டினார்.
"என்னா மச்சான், ரெண்டே நாள்ல கறுத்துப் போச்சு?"
"அழுக்கக் கழுவுது அத்தான். கறுக்கத்தான் செய்யும். பயப்படாதீங்க."
பொய்யில்லை. கழுவின அழுக்கு எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. தலைவலி. தைலம் வாங்க மறந்தாயிற்று.

27, செவ்வாய்
புக்கிட் ரம்பாய் போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்து வந்தோம். நானே பிரித்தேன். உதிர்ந்த கசடு எல்லாம் பம்பின் சல்லடையில் அடைத்துக் கிடக்கிறது. ஆயில் மேலே ஏறவே இல்லை. பேரிங் உருகி, கிராங்க் முழுக்கக் கீறல். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். எப்போது என்று யாருக்கும் தெரியாது.
அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்பு மச்சான். மூவாருக்கு ஏழு பேர ஏத்திக்கிட்டு அடிச்சு ஓட்டினேன். பாவம், வண்டி தாங்கல."
இல்லை அத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காள் காப்பியோடு வந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

31, சனி
லீவு. கோலாலம்பூர் பயணம் இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டோம். ரேடியோவோடு சேர்ந்து தெருவே மெர்டேக்கா என்று கத்தியது.  அக்காளின் சின்ன மகள்: "மாமா, ஒங்களுக்குமா வண்டிய ரிப்பேர் செய்யத் தெரியல?"
அத்தான் பஸ் கண்டக்டர் வேலைக்குப் போகிறாராம். நான்தான் போர்மேனிடம் சொல்லி வைக்க வேண்டுமாம். இருபது வருஷம் சொந்தமாக ஓட்டின மனுஷன்.  எதையும் திருப்பி வைக்க என்னால் முடியாது. சொல்லவாவது வேண்டும்.

1 செப்., ஞாயிறு
மேகமூட்டம். இன்று சொல்லிவிடுவது என்றே போனேன். அக்காள் வீட்டு வாசலில் இன்னொரு டாக்சி, செட்டிக் கம்பத்து டாக்சிக்காரர் பிள்ளையுடையது. அதுவும் கிழடு. பிள்ளை கையில் அதே ஆயில் டின். அத்தான் முகமெல்லாம் சிரிப்பு.
"நான்தான் வரச் சொன்னேன் மச்சான். ஆயில் நல்ல ஆயில், ஓட்டினவன்தான் சரியில்லேன்னு சொன்னேன். இவருக்கும் ஊத்திக் குடு."
 அடியில் படுத்தேன். பழைய ஆயிலை வடித்தேன். ஸ்பானரை எடுத்துச் சட்டியின் முதல் போல்ட்டைத் திருகினேன்.
பிள்ளைக்குத் தமிழ் வராது, செட்டிக் கம்பத்தில் வீட்டிலேயே மலாய்தான். அதை ஏன் கழற்றுகிறாய் என்று மலாயில் கேட்டார்.
பழைய இஞ்சினில் கசடை வழிக்காமல் இந்த ஆயிலை ஊற்றக் கூடாது, அடைத்துக்கொள்ளும், இஞ்சின் போய்விடும் என்றேன். மலாயில்தான் சொன்னேன். அத்தானுக்கும் மலாய் தெரியும்.
அடியிலிருந்து அவர் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. 
"என் வண்டிக்கு நீ கழட்டலையே மச்சான்."