குவாரி விளிம்பில் முட்செடி

அன்புள்ள முள்ளெலி அக்காவுக்கு,

கல்லூரிப் பாடத்துக்குக் காட்டு முட்செடி வேண்டும் என்றாய். "பழைய குவாரி விளிம்புல புதராக் கெடக்குதுக்கா, கூடையோட போ"ன்னு கதை விட்டேன். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. வெறுங்கையோடு வந்து என் காதைத் திருகுவாய் என்று வாசலிலேயே காத்திருந்தேன். குவாரிப் பள்ளத்திலிருந்து உன்னைத் துணி போர்த்தித் தூக்கி வந்தார்கள்.

"அங்க எதுக்குடா போனா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று நானே போனேன். உன் கல்லூரி நோட்டில் இருப்பதுபோலவே காம்புக்கு மூன்று இலை, இலையின் அடியில் வெள்ளை, கொக்கி முள். நான் சொன்ன பொய் அங்கே காய்த்துத் தொங்குகிறது. ஒரு முள்ளில் உன் ஸ்வெட்டரின் பச்சை நூல்.

அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அப்புறம் வந்து திருகிக்கொள், காது இங்கேதான் இருக்கும்.

உன்,
வாலில்லாக் குரங்கு